ஓவன் கோய்ல்: பாதியில் வந்து தூக்கி நிறுத்தியவர்

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் 1966இல் பிறந்த ஓவன் கோய்ல், சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்கு இரண்டு முறை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். ஆடிய காலத்தில் முன்கள வீரர். பயிற்சியாளரான பின்னும் முன்கள வீரரின் கண்ணோடுதான் ஆட்டத்தைப் பார்த்தார். அவருடைய பலமும் பலவீனமும் இதிலேயே அடங்கும்.

இங்கிலாந்தில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பர்ன்லி. 2009இல் வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என வென்று, 33 ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சிறிய ஊரின் அணியை முதல்நிலை லீக்கில் ஏற்றினார். ஏறிய சில நாள்களிலேயே மான்செஸ்டர் யுனைடெட்டையும் வீழ்த்தினார்கள். ஆனால் 2010 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, அவர் போல்டனுக்குப் போய்விட்டார். பர்ன்லி அந்த ஆண்டே கீழிறங்கியது. போல்டன் 2011இல் எஃப்ஏ கோப்பை அரையிறுதிவரை சென்று ஸ்டோக்கிடம் 0-5 எனத் தோற்றது. மறு ஆண்டு அதுவும் கீழிறங்கியது. அதன்பின் விகன், ஹூஸ்டன், பிளாக்பர்ன், ராஸ் கவுண்டி என எங்கும் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை.

2019 டிசம்பரில் சென்னைக்கு வந்தபோது, இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) அணி ஆறு ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றிருந்தது. முதல் நான்கில் ஒரு கோல்கூட இல்லை. கோய்ல் ஆள்களை மாற்றவில்லை, அவர்கள் நிற்கும் இடத்தை மாற்றினார். பந்தைப் பறித்த மறுகணமே முன்னே ஓட வேண்டும். நடுக்கள வீரர் கிரிவெல்லாரோ பந்தை நகர்த்த, முன்கள வீரர் வால்ஸ்கிஸ் முடிக்க வேண்டும். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என வென்றார்கள். மூன்று கோல் வாங்கியும் அணி பதுங்கவில்லை, மேலும் அடிக்கவே போனது. லீக்கில் நான்காம் இடம் கிடைத்தது. அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என வீழ்த்தி, அங்கே 2-4 எனத் தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 எனத் தப்பினார்கள். 15 கோல்களுடன் வால்ஸ்கிஸ் தங்கக் காலணி பெற்றார்.

இந்த எண்களையே திருப்பிப் பார்த்தால் குறை தெரியும். கதவைத் திறந்துவைத்து ஆடும் அணி அது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத ஃபதோர்டா அரங்கில், இறுதிப் போட்டியில் ஏடிகே அணி அந்தத் திறந்த கதவு வழியாகவே நுழைந்து 3-1 என வென்றது.

தடுப்பாட்டம் அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. அடுத்து ஜாம்ஷெட்பூரில் இரண்டு முழுப் பருவங்கள் கிடைத்தன. முதலாண்டு ஆறாம் இடம். 2021-22இல் 20 ஆட்டங்களில் 43 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்து லீக் கேடயம். கடைசி ஏழு ஆட்டங்களும் தொடர் வெற்றி. அவருடைய நாட்டுக்காரரான கிரெக் ஸ்டூவர்ட் அங்கே தாக்குதலுக்கு அச்சாணியாக இருந்தார். அவகாசமும் தோதான ஆள்களும் கிடைத்தால் பின்களத்தையும் கட்டுவார் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது வருகையில், 2023இல், இந்த வாதம் ஆட்டம் கண்டது. இம்முறை பருவத்தின் தொடக்கத்திலிருந்தே அணி அவர் கையில். முதலாண்டு ஆறாம் இடம்பிடித்து, பிளே-ஆஃபில் கோவாவிடம் 1-2 எனத் தோல்வி. இரண்டாமாண்டு 13 அணிகளில் 11ஆம் இடம். அவகாசம் இருந்தது, தோதான ஆள்கள்தான் அமையவில்லை. வெளிநாட்டு முன்கள வீரர்கள் சோபிக்காத ஆண்டில் கோய்லிடம் மாற்று வழி இல்லை. 2025இல் பிரிந்தார்.

உள்ளூர் வீரர்கள் கணக்கையும் பார்த்தாக வேண்டும். 2019-20 அணியில் தமிழ்நாட்டுக்காரரான எட்வின் வான்ஸ்பால் நம்பிக்கையான இடம் பெற்றார். அந்த அளவுக்கு வளர்ந்த தமிழ்நாட்டு வீரர்கள் மிகக் குறைவு. ஆனால் அதற்கான முழுப் பழியையும் பயிற்சியாளர்மேல் போடுவது நியாயமல்ல. கடலூரிலிருந்து ஓர் இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணிக்குச் சென்றார் என்றால், அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான மைதான உழைப்பு இருக்கிறது. ஒன்றிரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வருபவரிடம் அதை எதிர்பார்ப்பது வீண். அது கழகமும் மாநிலச் சங்கமும் செய்ய வேண்டிய வேலை.

சென்னையின் இரண்டு ஐஎஸ்எல் கோப்பைகளும் (2015, 2018) கோய்ல் வருவதற்கு முந்தியவை. இந்தியாவில் அவர் வென்ற லீக் கேடயம் ஜாம்ஷெட்பூரில் இருக்கிறது.