தொண்ணூறு வோல்ட் சிக்கனம்

பழைய வால்வு ரேடியோவைப் பாடவைக்கக் கிளம்பியவர்களை அதிகம் திணறடிப்பது பேட்டரி செட்தான். மின்சாரம் எட்டாத ஊர்களுக்காகச் செய்தது அது. வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட், ஆனோடுக்கு 90 வோல்ட் என்று இரண்டு பேட்டரி கேட்கும். அந்த 90 வோல்ட் கட்டை இன்று சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை.

பெட்டியைத் திறந்ததும் முதல் தகராறு கண்டென்சரில் வரும். எதையும் தொடாதே, அசல் போய்விடும் என்பார்கள் சிலர். இதில் மட்டும் அவர்கள் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. மெழுகுத்தாள் கண்டென்சர் வயதானால் கசியும். கடைசி வால்வின் கிரிட்டுக்கு முன்னால் இருப்பது கசிந்தால் கிரிட் பாசிட்டிவ் பக்கம் ஏறும், ஆனோடு கரண்ட் கூடும், குரல் உடையும், பேட்டரியோடு வால்வும் தேயும். அசலைக் காப்பாற்றுகிறேன் என்று வால்வைக் கொல்வதில் என்ன நியாயம்? பழைய உறையைக் குடைந்து, உள்ளே புதிய பிலிம் கண்டென்சரை வைத்து மெழுகால் மூடுகிறவர்களும் உண்டு. வேலை அழகுதான். ஆனால் எதை மாற்றினோம் என்று பின்மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதிவைக்காவிட்டால், அடுத்துத் திறப்பவரை ஏமாற்றியதாகத்தான் ஆகும்.

எனக்கு உண்மையான மனத்தாங்கல் பேட்டரிக்குப் பதிலாக வைக்கும் எலிமினேட்டர் மீது. சுவர் பிளக்கில் சொருகினால் தீர்ந்தது என்பது சோம்பல். இந்த வால்வுகளில் இழையேதான் கேதோடு. வடிகட்டல் சரியில்லாவிட்டால் இரைச்சல் நேராகப் பாட்டில் ஏறும். செல்லிலிருந்து 90 வோல்ட் எழுப்பும் கன்வெர்ட்டர் கையடக்கமானதுதான், ஆனால் மூடிக் கவசமிடாவிட்டால் மீடியம் வேவ் முழுக்கச் சீறும். நிலையத்தைக் கேட்கத்தானே இத்தனை பாடு!

எளிய வழி ஒன்று இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகக் கோர்த்தால் 90. டிகே91, டிஎஃப்91, டிஏஎஃப்91, டிஎல்92 என்ற நான்கு வால்வு செட்டுக்கு ஆனோடு பக்கம் சுமார் 10 மில்லி ஆம்பியர், இழைக்கு மொத்தம் 250 மில்லி ஆம்பியர் போதும். நல்ல ஆல்கலைன் பேட்டரியும் ஒரு பெரிய டார்ச் செல்லும் நாற்பது மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவில்தான் இந்த செட்டின் குணமே இருக்கிறது. மில்லி ஆம்பியரைக்கூட எண்ணிச் செய்த சர்க்யூட் இது. செய்தி முடிந்ததும் திருகை மூடிவிட்டு, இலங்கை வானொலிப் பாட்டு நேரத்துக்காகப் பேட்டரியைச் சேமித்த வீடுகளில் இருந்தது. நாள் முழுக்க அலறவிட்டால் பெட்டி மட்டும்தான் பழையது. உள்ளே புளூடூத் பலகையைத் திணிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பழைய செட்டைப் பாடவைக்கும் பழக்கத்தின் பெரிய குறை அவசரம். வயர் ஒன்று மாறி 90 வோல்ட் இழையில் பாய்ந்தால், கண் இமைக்கும் நேரத்தில் நான்கு வால்வும் போய்விடும். ஆகவே முதலில் வால்வுகளைக் கழற்றுங்கள். இரண்டு பேட்டரியையும் இணைத்து, சாக்கெட்டில் இழைக்குப் போகும் முனைகளில் மீட்டரை வையுங்கள். 1.5ஐ வெகுவாகத் தாண்டிக் காட்டினால் வால்வைக் கையில் எடுக்காதீர்கள்.