நான்கு கிலோவின் விலை

கூலி உயர்வு எதனால் வருகிறது என்று கேட்டால், பொருளாதாரப் பாடம் சந்தை விலையையும் உற்பத்தித் திறனையும் காட்டும். தொழிற்சங்க வரலாறு தலைவர்களின் பேச்சுத் திறமையைக் காட்டும். இரண்டும் போதாது என்பதற்கு மூணாறு சாட்சி.

2015 செப்டம்பரில் அங்குள்ள தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், 10 சதவீத போனஸை ஏற்க மறுத்து வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தார்கள். சங்கத் தலைவர்களை அருகில் விடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள், போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் முடிவானது.

அது ஒரு கம்பெனியோடு தீர்ந்த கணக்கு. 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கும் கோரிக்கை, கேரளத் தோட்டங்கள் அனைத்துக்குமான தோட்டத் தொழிலாளர் கமிட்டிக்குப் போனது. அரசு, முதலாளிகள், பழைய சங்கங்கள் என முத்தரப்பும் உட்காரும் இடம் அது. போராட்டத்தைத் தொடங்கிய பெண்களின் அமைப்புக்கு அங்கே உறுப்பினர் இடம் இல்லை.

அக்டோபரில் கூலி 301 ரூபாயானது. உயர்வு 69 ரூபாய், ஏறத்தாழ 30 சதவீதம். இதை வெற்றி என்று எழுதி முடித்தவர்கள் ஒப்பந்தத்தின் மறுபாதியைக் கணக்கில் எடுக்கவில்லை. நாள்கூலிக்குப் பறித்தாக வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. வகுத்துப் பாருங்கள்: கிலோவுக்குச் சுமார் 11 ரூபாயாக இருந்தது 12 ரூபாயாகியிருக்கிறது. உயர்வு 9 சதவீதம்தான். வரையறைக்கு மேல் பறித்தால் தனிக்காசு தருவது தோட்ட வழக்கம். அப்படிக் காசு பெற்றுத்தந்த நான்கு கிலோவும் இப்போது கூலிக்குள் அடங்கிவிட்டது.

அதே பேச்சுவார்த்தையில் ரப்பருக்கு 381 ரூபாய், ஏலத்துக்கு 330. பெண்களின் கைகளை நம்பியிருக்கும் தேயிலைக்குத்தான் ஆகக் குறைவு. பயிரின் விலைதான் காரணம் என்பார்கள். ஆனால் செப்டம்பருக்கு முன்பும் பயிருக்கு விலை இருந்தது. கூலியை நகர்த்தியது சாலையில் அமர்ந்த பெண்கள்தான்.

வீதி, பேச்சைத் தொடங்க வைக்கிறது. எதை விட்டுக்கொடுத்து எதைப் பெறுவது என்பதையோ மேசையில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்தப் பெண்களுக்கு இடம் இருந்திருந்தால் 500 கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. நான்கு கிலோ அவ்வளவு எளிதாகக் கைமாறியிருக்காது.

அடுத்த முறை கூலி உயர்வுச் செய்தி வரும்போது ரூபாயோடு கிலோவையும் தேடுங்கள். கையெழுத்திட்டவர்களில் கொழுந்து பறிப்பவர் ஒருவராவது உண்டா என்றும் பாருங்கள்.