வேதசாட்சியர் உடம்பும் சைவர் நோக்கும்

கிறித்தவ வேதசாட்சியர் சரிதங்களை வெறுங் கொடுமைக் கதைகளென இகழ்வாரும், அவையும் நம் பெரியபுராணமும் ஒன்றேயென உரைப்பாரும் நம்மவருள் உளர். இருவர் கூற்றும் ஆராய்ச்சிக்கு நில்லா.

13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவியார் வொராஜினே ஜாக்கோபு இலத்தீனில் தொகுத்த 'லெகெந்தா ஔரெயா' என்னும் சரிதத் தொகையை நோக்குக. அவர் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கூறுவர். அடியார் பட்ட நோவையோ பெரிதும் விரித்துரையார். 258-இல் உரோமாபுரியில் உயிர்நீத்த லாரன்ஸ் அடிகள், இருப்புச் சட்டத்திற் கிடத்தித் தீயில் வாட்டப்படுங்கால், அத்தணல் தமக்குக் குளிர்ச்சி தருவதாகக் கூறுகின்றார். நீற்றறையில் இடப்பட்ட நம் அப்பரடிகட்கும் வெம்மை தண்மையாயிற்று. இதுகாறும் ஒப்புமையே.

வேற்றுமை முடிவின்கண் உளது. லாரன்ஸ் அடிகள் அத்தீயிலேயே உயிர் துறக்கின்றார். அவ்வுடம்பே இறுதிநாளில் உயிர்பெற்றெழும் என்பது அச்சமயத்தார் கோட்பாடு. ஆகலின் வேதசாட்சியர் எலும்புகளைப் பேழையிலிட்டுப் போற்றினர். அப்பரடிகளோ ஏழுநாட் கழித்து ஊனமின்றி வெளிப்போந்து, உழவாரத் தொண்டு புரிந்தனர். சித்தாந்தத்தில் உடம்பு மாயையின் காரியம். உயிர் மலநீக்கம் பெறுதற்பொருட்டு இறைவன் அளித்த கருவி. அது காக்கப்பட்டது தொண்டின் பொருட்டேயாம். திருப்புகலூரில் இறைவன் திருவடி எய்திய அவர்க்கு அதனை மீட்டும் பெறவேண்டுவதில்லை.

இவ்வேறுபாடு உணர்ந்தார் பிறர் நூலைப் பழியார். தம் நூற்பொருளையும் நெகிழவிடார்.