பாதித் தொட்டியில் அணைந்துபோகும் புது மிஷின்

மலேசியாவின் கோப்பெங்கில் மழை பிடித்துக்கொண்டால் செம்பனை மரத்தடியில் புல் முழங்காலைத் தொட அதிக நாள் ஆவதில்லை. மரத்தைச் சுற்றியுள்ள வட்டம் சுத்தமாக இல்லையென்றால், குலையிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்க முடியாது. அத்தனையும் தரையிலேயே அழுகும் காசு. ஒரு காலத்தில் ஈயமும் பால்மரமும் சோறு போட்ட இந்த வட்டாரத்தில் இன்று செம்பனைதான் எங்கும். முதுகில் மாட்டும் புல்வெட்டு மிஷின் இல்லாமல் சிறு தோட்டக்காரருக்கு வேலை ஓடாது.

அப்படி ஒரு தோட்டக்காரர் புதிதாக வாங்கிய டூ-ஸ்ட்ரோக் மிஷின் இது. கடையில் பெட்ரோல் நிரப்பி ஓட்டிக் காட்டினார்கள். கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. தோட்டத்திலும் முதல் வரிசை மளமளவென்று முடிந்தது. தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியதும் எஞ்சின் திடீரென்று கீச்சுக்குரலில் இரைந்து, திணறி, நின்றது. பெட்ரோல் ஊற்றினால் ஓடும், குறைந்தால் நிற்கும்.

இந்த இடத்தில் பலருடைய கையும் கார்புரேட்டர் திருகாணிக்குத்தான் போகும். அதைத் தொடவே கூடாது. ஆலையில் சரியாக வைத்த அளவையும் கலைத்துவிட்டால், ஒரு கோளாறு இரண்டாகிவிடும். முதலில் கழற்ற வேண்டியது பிளக். பலமுறை கயிற்றை இழுத்த பிறகும் பிளக்கின் முனை காய்ந்திருந்தால், எஞ்சினுக்குள் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று பொருள். இந்த மிஷினில் பிளக் காய்ந்துதான் இருந்தது. பொறி நன்றாக வந்தது.

அடுத்த சாட்சி கார்புரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குமிழ். அதை அழுத்தி விட்டால் உள்ளே பெட்ரோல் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கே குமிழ் வெறுமையாகவே இருந்தது. தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி அழுத்தியபோது குட்டு வெளிப்பட்டது: அடியில் கிடந்த ஃபில்டரிலிருந்து காற்றுக் குமிழிகள் கிளம்பின. உறிஞ்ச வேண்டிய ஃபில்டர் ஊதிக்கொண்டிருந்தது.

தொட்டிக்குள் இரண்டு டியூப் போகும். நீளமானதன் நுனியில் கனமான ஃபில்டர் தொங்கும். மிஷினை எப்படிச் சாய்த்தாலும் அது பெட்ரோல் இருக்கும் பக்கம் புரண்டு விழும். அந்த டியூப் கார்புரேட்டரின் வாய்க்குப் போக வேண்டும். குட்டையான இன்னொன்று, குமிழிலிருந்து மிச்சப் பெட்ரோலைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது. ஆலையில் பூட்டியவர் இரண்டையும் மாற்றிச் செருகியிருக்கிறார். அதனால் எஞ்சின் குட்டை டியூப் வழியாகக் குடித்தது. தொட்டி நிறைந்திருந்தபோது அதன் நுனி பெட்ரோலில் மூழ்கியிருந்ததால் கடையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மட்டம் இறங்கியதும் காற்றை இழுத்தது.

இது வெறும் தொல்லையோடு போகிற விஷயமல்ல. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு எண்ணெய்ப் பசை கிடைப்பதே பெட்ரோலோடு கலந்த 2டி எண்ணெயிலிருந்துதான். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும், பசையும் வற்றும். சோக்கைப் போட்டுப் போட்டு வற்புறுத்தி ஓட்டினால் பிஸ்டன் கீறி, கடைசியில் இறுகிவிடும். அப்புறம் கடைக்காரர் “நீங்கள்தான் எண்ணெய் கலக்காமல் ஓட்டினீர்கள்” என்று சொன்னால், இல்லையென்று நிரூபிப்பது கஷ்டம். எண்ணெய்க் கலவையும் மிஷினுக்கு மிஷின் மாறும்: 25:1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி.

டியூபை மாற்றிச் செருகுவது சின்ன வேலைதான். ஆனாலும் உத்தரவாதக் காலத்தில் வீட்டிலேயே பிரிக்காமல், காற்றுக் குமிழி வருவதைக் கைப்பேசியில் படம்பிடித்து, ரசீதோடு கடைக்குக் கொண்டுபோவதே புத்தி. இந்தத் தோட்டக்காரரும் அதைத்தான் செய்தார். கடையில் கண்ணெதிரே சரிசெய்து கொடுத்தார்கள். மறுத்திருந்தாலும் வழி உண்டு. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருந்தாக வேண்டும். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வைக்கலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி.

சரியான பிறகு மிஷின் எப்படி? நன்றாகவே இருக்கிறது. முற்றிய லாலாங் புல்லையும் தயங்காமல் சாய்க்கிறது. எஞ்சினின் பாரம் முதுகில் போய்விடுவதால் சரிவில் கைகளுக்கு விடுதலை. ஆனால் நீண்ட நேரம் பிடித்தால் விரல்கள் அதிர்வில் மரத்துப்போகின்றன. கைப்பிடி ரப்பர் இன்னும் தடிமனாக இருந்திருக்கலாம். வளையும் தண்டுக்குள் சுழலும் கம்பிவடத்தை அவ்வப்போது உருவி கிரீஸ் தடவ வேண்டும். கையேட்டில் இது ஒரு மூலையில், பொடி எழுத்தில் கிடக்கிறது. பிளேடு நட்டு இடப்புரி என்பதையும் பெரிதாகப் போட்டிருக்க வேண்டும். வழக்கம்போல் கழற்ற நினைத்துத் திருப்பினால் அது இன்னும் இறுகும்.

எண்ணெய் கலக்கும் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு 35.8 சிசி ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் பொருத்தியவை இருக்கின்றன. அவற்றில் பெட்ரோல் தனி, எஞ்சின் எண்ணெய் தனி. எதை வாங்கினாலும், கடையில் முழுத் தொட்டியோடு ஓட்டிக் காட்டுவதில் திருப்திப்பட வேண்டாம். கால் தொட்டி மட்டும் ஊற்றச் சொல்லி, சில நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.