ஆங்கிலமும் சுயகற்றலும்: தென்கிழக்கு மாணவர் நிலை குறித்து ஒரு நோக்கு

இலங்கையில் ஆங்கிலம் இரண்டாம் மொழி எனப் பெயர்பெற்றிருப்பினும், அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களைப் பொறுத்தவரை அது அந்நிய மொழியே. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை வீட்டிலும் சந்தையிலும் பள்ளிவாசலிலும் வழங்குவது தமிழ். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் இவ்வூர் மாணவர், விரிவுரை மண்டபத்துக்கு வெளியே ஆங்கிலத்தைக் காதாற் கேட்பது அரிது. இந்நிலையில், 'சுயமாகக் கற்றுக்கொள்க' என்னும் அறிவுரை எத்துணை பொருளுடையது என்பது ஆராயத்தக்கது.

மொழிக்கல்வியில் இக்கருத்துக்கு வரைவிலக்கணம் தந்தோருள் முதன்மையானவர் ஆன்றி ஹொலெக். 1981இல் வெளியான அவரது நூலின்படி, நோக்கத்தை நிர்ணயித்தல், பாடப்பொருளையும் முறையையும் தெரிதல், முன்னேற்றத்தைக் கண்காணித்தல், பேற்றை மதிப்பிடல் ஆகியவற்றின் பொறுப்பைக் கற்போனே ஏற்பது சுயகற்றலாகும். பல்கலைக்கழக வழக்கிலோ இவையாவும் பெரும்பாலும் விரிவுரையாளரிடமும் பரீட்சையிடமும் தங்கிவிடுகின்றன. பயிற்சித்தாளை அறையிலிருந்து நிரப்புவது மட்டுமே மாணவனுக்கு விடப்படுகின்றது. இது தனித்துக் கற்றலேயன்றிச் சுயகற்றலன்று.

மாணவர் முயற்சியற்றவர் என்னும் குற்றச்சாட்டும் நிலைக்காது. இவ்வூர்ப் பிள்ளைகள் சிறுவயதிலேயே குர்ஆன் மதரசாவில் வேற்றுமொழி எழுத்தைக் கற்று, உச்சரிப்புப் பிழையின்றி ஓதப் பழகுகின்றனர். ஆசிரியர் திருத்தியதை வீட்டில் நாடோறும் மீட்டி ஓதும் ஒழுங்கு அவர்க்குப் புதியதன்று. அங்கு ஓதலின் நோக்கம் பிள்ளைக்குத் தெரியும். ஆங்கில வகுப்பிற் குறைவது உழைப்பன்று, அத்தகைய நோக்கமே.

நோக்கமுள்ளவிடத்து ஆங்கிலம் கருவியாகும் என்பதற்குச் சான்று இம்மண்ணிலேயே உண்டு. கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் 1981இல் வெளியிட்ட 'பலஸ்தீனக் கவிதைகள்' ஆங்கில வழியே தமிழுக்கு வந்தது. அரபு மண்ணின் குரல் தமிழ் வாசகனை எட்டுவதற்கு ஆங்கிலம் பாலமாயிற்று.

தெரிவை மாணவனிடம் விட்டால் இலகுவானதையே நாடுவான் என்பர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆதலின் விரிவுரையாளர் ஒதுங்கிவிடல் தகாது. தொடக்கத்தில் மாணவனின் துறைசார்ந்த சில கட்டுரைகளை முன்வைத்து, ஒன்றைத் தெரிந்து அதற்குக் காரணங் கூறச் செய்யலாம். பின்னர்த் தேடலையும் மதிப்பீட்டையும் படிப்படியாக அவனிடம் ஒப்படைக்கலாம்.

இதனைச் செய்யாதவிடத்து விளைவு சிறிதன்று. நூலகத்திலுள்ள ஆங்கில நூலைத் தானே அணுகவியலாத பட்டதாரி, பிறர் எழுதித்தந்த குறிப்புகளுக்கே வாழ்நாள் முழுதும் கட்டுப்படுவான்.