அரையாண்டு முறையும் ‘திருப்தி’ என்னும் சொல்லும்

அரையாண்டு முறையிற் பயிலும் மாணவர் திருப்தியுடன் உள்ளனரா என்பது எமது பல்கலைக்கழகங்களில் இன்று படிவம் கொடுத்தே கேட்கப்படுகின்றது. பாட அலகின் முடிவில் வழங்கப்படும் அக்கருத்தறி படிவத்தை இலக்கியப் பனுவலொன்றை அணுகுமாறு நாம் அணுகினோம். விரிவுரையாளர் உரிய நேரத்துக்கு வந்தாரா, விளக்கம் தெளிவாக இருந்ததா, குறிப்புகள் கிடைத்தனவா என்று அது வினவும். மாணவர் எங்கே வசிக்கின்றார், எப்பொழுது படிக்கின்றார் என்பதற்கு அதில் இடமில்லை. வீடும் வர்க்கமும் அற்ற தனிமனிதனே அப்பனுவலின் கதாநாயகன்.

பழைய முறைக்கு நாம் ஏங்குவதாக எவரும் கருத வேண்டியதில்லை. ஆண்டிறுதிப் பரீட்சை ஓராண்டுப் படிப்பைச் சில மணித்தியாலங்களில் எடைபோட்டது. அன்று காய்ச்சல் கண்டவர் ஆண்டையே இழக்க நேர்ந்தது. 1990களில் அரையாண்டு முறை பரவியபோது அந்த அச்சம் தணிந்தது. ஆகவே மாணவரின் திருப்திக்குப் புறநிலைக் காரணம் உண்டு. அதனைப் போலிப் பிரக்ஞையென ஒதுக்கும் நண்பர்களுடன் எமக்கு உடன்பாடில்லை.

எனினும், 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்றொகுதியில் வேலைநாளை ஆராய்ந்த மார்க்ஸ், தொழிலாளர் திருப்தியுடன் உள்ளனரா என்று கேட்கவில்லை. தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளைக் கொண்டு மணித்தியாலங்களை எண்ணினார். நாமும் எண்ணுவோம். 2012இல் வெளியான இலங்கைத் தகைமைகள் சட்டகம் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றலை விதிக்கின்றது. 3 கிரெடிட் கொண்ட பாட அலகுக்கு 150 மணித்தியாலம். வழக்கமாக அதில் 45 மட்டுமே விரிவுரை. எஞ்சிய 105 மணித்தியாலமும் மாணவர் தாமே தேடிக்கொள்ள வேண்டியது. ஐந்து அலகுகளை 15 வாரத்துள் முடிப்பவருக்கு, விரிவுரையும் சேர்த்து, வாரம் 50 மணித்தியாலம் ஆகின்றது. கடை, காரியாலய ஊழியருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வார வேலைநேரமோ 45தான்.

அந்த நேரம் எவரிடம் உண்டு? வெள்ளவத்தையிலே பெற்றோர் வீட்டில் தனியறை உள்ளவரிடம் உண்டு. மலையகத்திலிருந்து வந்து, அதே வெள்ளவத்தையின் ஒழுங்கையொன்றில் மூவருடன் அறையைப் பகிர்ந்து, வாடகைக்காக மாலைதோறும் பிரத்தியேக வகுப்பு எடுப்பவரிடம் இல்லை. பஸ்ஸிலே கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி, தகப்பனின் கடையில் இரவுவரை நிற்பவரிடமும் இல்லை. ஆயினும் மூவரும் ‘திருப்தி’ என்றே அடையாளமிடுவர். விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தாரல்லவா?

இலக்கியக் கல்வியில் இதன் விளைவு வெளிப்படை. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) இரண்டொரு விரிவுரையில் முடிந்துவிடுகின்றது. நாவலைப் படிக்க நேரமில்லாதவர் அதுபற்றிய குறிப்பைப் படிக்கின்றார். சாதியொடுக்குமுறைக்கெதிரான மக்களின் போராட்டம் ஐந்து தலைப்புகளாகச் சுருங்கி விடைத்தாளை அடைகின்றது. உழைப்போரைப் பற்றிய நாவல், உழைத்துக்கொண்டே கற்பவருக்குத்தான் எட்டாமற் போகின்றது. அக்குறிப்பை எழுதிக் கொடுத்தோருள் நாமும் அடங்குவோம் என்பதையும் இவ்விடத்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

படிவத்திற் சேர்க்க வேண்டியவை சில வினாக்களே. ஊதியத்துக்காக வாரத்தில் எத்தனை மணித்தியாலம் உழைக்கின்றீர்? பயணத்தில் எவ்வளவு கழிகின்றது? பாடநூல்களில் எவற்றை முழுமையாகப் படித்தீர்? நிர்வாகம் சேர்க்கும்வரை காத்திராது, தமிழ்ச் சங்கமே தன் உறுப்பினரிடம் இவற்றைக் கேட்டு, விடைகளை அடுத்த இதழில் வெளியிடலாம்.