சாயாவனமும் லஷீன் கால்வாயும்: சர்க்கரையின் சூழலியல்

சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ (1969) காடழிவுக்கு இரங்கும் நாவலாகவே பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. அதன் கூர்மையோ புளியில் உள்ளது. கரும்பாலைக்காகச் சிதம்பரம் வனத்தை எரிக்கையில் புளியமரங்களும் கருகுகின்றன. வனம் தந்த புளியை ஊரார் இனிக் கடையில் வாங்கவேண்டும். பொதுவளம் சரக்காகும் இம்மாற்றத்தை அடுக்களையில் வைத்து அளந்து காட்டியதே கந்தசாமியின் சாதனை.

ஆயினும், ஆலை எழுந்ததோடு கதை நின்றுவிடுகிறது. ஆலை விட்டுச்செல்லும் நிலத்தை அது காணவில்லை. அந்நிலத்தை மாண்ட்ரியலில் காணலாம். 1825இல் திறக்கப்பட்ட லஷீன் கால்வாயின் கரையில், மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்க 1854இல் ஜான் ரெட்பாத் ஆலை நிறுவினார். 1970இல் கால்வாயில் கப்பல் போக்குவரத்து நின்றது. ஆலைக் கட்டடம் பின்னர் அடுக்ககக் குடியிருப்பாயிற்று. 2002 முதல் உல்லாசப் படகுகள் செல்கின்றன. கரையோரத் தொழிற்சாலைகள் கழித்த கன உலோகங்களோ அடிச்சேற்றில் எஞ்சியுள்ளன.

எனவே, தமிழ்ச் சூழலியல் திறனாய்வு எரிந்த வனத்துக்கு இரங்குவதோடு அமையாது, ஆலையின் பயன் எவருக்கு, எச்சம் எவர்மேல் என்றும் வினவவேண்டும். நிலத்தை முதற்பொருளாகக் கொண்ட திணைமரபுக்கு இவ்வினா அயலன்று.